தண்ணீர்த் துணியில் ஆட்டு அடையாளம்

காலையில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பக்கம் நடக்கும்போது நம் வயதுக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டேதான் வருகிறேன். கேன் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது, குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, மகன் வாங்கி மாட்டிய மெஷின் பாதித் தண்ணீரை வீணாகக் கீழே விடுகிறது. எல்லாம் நியாயமான புலம்பல்தான். ஆனால் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். இன்று அதை உங்கள் முன்னால் இறக்கி வைக்கப் போகிறேன். பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான் பேசுகிறேன்.

உங்களில் டவுனில் பிறந்தவர்களுக்கு நரம்புச் சிலந்தி தெரிந்திருக்காது. பெயரில்தான் சிலந்தி, உண்மையில் அது ஒரு புழு. வெள்ளை நூல் போல இருக்கும், முழத்துக்கு மேல் நீளம். குடித்த தண்ணீரோடு கண்ணுக்குப் பிடிபடாத குஞ்சாக உள்ளே போய், ஒரு வருஷம் உடம்புக்குள் வளர்ந்து, கணுக்காலிலோ முட்டியிலோ கொப்புளம் போட்டு வெளியே வரும். தீயால் சுட்டது போல எரியும். எரிச்சல் தாங்காமல் காலைக் கிணற்றுத் தண்ணீரில் வைப்பார்கள். அந்த நேரத்தில் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அதை மறுபடி ஊரே குடிக்கும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. உடம்புச் சூடு என்று வேப்பிலையை அரைத்துக் கட்டினோம்.

எங்கள் ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். மழை பெய்தால் சோளம், கடலை, பெய்யாவிட்டால் ஆடு. நாற்பது வீட்டுக்கும் ஒரே படிக்கிணறு. தை முடிந்தால் தண்ணீர் இறங்கிவிடும். முப்பது படி கீழே போய், முழங்கால் நனைய நின்றுதான் குடத்தை முக்க வேண்டும். வெயில் காலத்தில் ஊரில் பாதிப் பேர் காலில் குச்சியோடு உட்கார்ந்திருப்பார்கள். புழுவின் நுனி வெளியே வந்ததும் அதை ஈர்க்குச்சியில் சுற்றி, நாளுக்கு இரண்டு விரல்கடை மட்டும் இழுத்துக் கட்டிவைப்பது வழக்கம். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அம்மாவுக்கு ஒரு வருஷம் அப்படித்தான் அறுந்தது. கால் வீங்கிச் சீழ் பிடித்து, ஆறிய பிறகு குதிகால் தரையில் பதியவே இல்லை. அந்தக் காலோடுதான் முப்பது படியும் ஏறி இறங்கினாள். அப்போது எனக்குப் பத்து வயது. அடுத்தது என் கால்தான் என்று நினைத்துப் படுக்கையில் காலைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

அந்தத் தை மாசம் பொங்கல் முடிந்த கையோடு சிஸ்டர் வந்தார். சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகி, கழுத்துச் சிலுவை இடமும் வலமும் ஆட, வண்டிப்பாதைப் புழுதியில் ஒரு பெண் சைக்கிள் மிதித்து வந்ததைப் பார்க்க ஊரே திரண்டது. அவருக்கு வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் கன்னியாகுமரிக் கடற்கரை. மெயின் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இன்னும் இரண்டு சிஸ்டர்களோடு தங்கியிருந்தார். அவர்களுக்கெல்லாம் தலைவியான மதர் திண்டுக்கல் மடத்தில் இருந்தார். என் பேத்திக்கு இப்போது அதே இருபத்து மூன்று. அவளைத் தனியாகப் பெங்களூருக்குப் பஸ் ஏற்றிவிட்டு நாங்கள் படுகிற பாட்டை நினைத்தால், கடற்கரையில் சிஸ்டரைப் பெற்ற தாய்க்கு எவ்வளவு நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் சொல்லித்தருவதாகச் சொல்லிச் சாவடியில் வகுப்பு வைத்தார். எங்களை "மக்களே" என்றுதான் கூப்பிடுவார். முதல் வாரம் முழுக்க அவர் ஊசியைத் தொடவில்லை. வீடு வீடாகப் போய்ப் புண்காரர்கள் முன்னால் மண்டி போட்டு, வெந்நீரில் காலைக் கழுவிக் கட்டுப்போட்டார். பெரிய ஆம்பிளைகள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார்கள். சின்ன வயசுப் பெண், அதுவும் சாமிக்கு நேர்ந்துவிட்ட பெண், காலைத் தொடுவதா என்று அவர்களுக்குப் பயம். அவர் விடவில்லை. அந்த டெட்டால் வாசனையும் வேப்பெண்ணெய் வாசனையும் கலந்து வரும்போது சிஸ்டர் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம்.

இரண்டாம் வாரம் ஒரு கண்ணாடி டம்ளர் கொண்டுவந்தார். ஊரில் எல்லாம் பித்தளைச் செம்புதான், கண்ணாடியில் தண்ணீரை யாரும் பார்த்ததில்லை. கிணற்றுத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தார். உள்ளே வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ துள்ளியது.

"இந்தப் பூச்சி வயித்துலதான் மக்களே, சிலந்திக் குஞ்சு இருக்கு. அத நீங்க குடிக்கிறீங்க" என்றார்.

பிறகு குடத்தின் வாயில் வெள்ளை மல் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, அதே தண்ணீரை ஊற்றி வடித்துக் காட்டினார். டம்ளரில் ஒன்றும் துள்ளவில்லை. அவ்வளவுதான் வைத்தியம். இன்னும் ஒன்று: காலில் புண் இருக்கிறவர்கள் கிணற்றில் இறங்கக் கூடாது, அவர்களுக்கு வேறு யாராவது மொண்டு கொடுக்க வேண்டும்.

துணியில் ஒரு சிக்கல் இருந்தது. எப்போதும் ஒரே பக்கம்தான் மேலே இருக்க வேண்டும். புரட்டிக் கட்டினால் மேலே தங்கிய பூச்சி எல்லாம் நேராகக் குடத்துக்குள் போய்விடும். ஆகவே மேல்பக்கத்துக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. மூன்று சிஸ்டர்களும் உட்கார்ந்து நாற்பது வீட்டுக்கும் துணி வெட்டி, ஓரம் அடித்து, நடுவில் சிவப்பு நூலால் அடையாளம் தைத்துக் கொடுத்தார்கள். மடத்தில் அவர்கள் பழகிய தையல் பூசைத் துணிகளைத் தைப்பது. அந்தத் துணிகளில் சின்னதாக ஒரு சிலுவை போடுவது வழக்கமாம். கை தன் பழக்கத்துக்கு ஓடியிருக்கிறது. நாற்பது துணியிலும் நாற்பது சிலுவை.

மறுநாள் வகுப்பு நடக்கும்போது அப்பா சாவடிக்கு வந்தார். தோளில் ஒரு மூட்டை. அப்பாவுக்கு அண்ணன், அதாவது என் பெரியப்பா, ஊரில் பெரிய ஆள். அவர் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார்.

"தப்பா நெனைக்காதீகம்மா. துணி வேணாம்னு எங்கண்ணன் சொல்லிட்டாக. கொடத்து மேல சிலுவையக் கட்டுனா நாங்க வேதத்துல சேந்த மாதிரி ஆயிரும். அந்தத் தண்ணியில கொலசாமிக்கு எப்பிடிம்மா பொங்க வைக்கிறது?"

நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிஸ்டர் முகத்தைப் பார்த்தோம். அவர் மூட்டையை அவிழ்த்தார். ஒரு துணியை எடுத்து அப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

"அய்யோ, கை பழகுன மாதிரி தைச்சுட்டேன் அண்ணே. நான் இத யோசிக்கவே இல்லையே" என்றார்.

அப்பாவின் மேல் எனக்கு அன்றைக்குக் கோபமான கோபம். இப்போது அப்படி இல்லை. தண்ணீர்க் குடத்தை வைத்து ஊரை மாற்றப் பார்க்கிறார்கள் என்று அவர் பயந்ததில் என்ன குற்றம்? கேட்காமல் கொண்டுவந்து கட்டினால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். ஆனால் சிஸ்டர் அடுத்துச் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பையிலிருந்து பிளேடை எடுத்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிலுவைத் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். எங்கள் வகுப்பில் ஒரே ஒரு வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவ வீட்டுப் பெண். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சிலுவையப் பிரிக்கலாமா சிஸ்டர்? பாவமில்லையா?"

"எனக்குச் சிலுவை வேணும்னா எங்கிட்ட இருக்கு மக்களே. துணிக்கு அடையாளந்தான் வேணும்" என்றார். அடுத்த துணியை எடுத்துக்கொண்டார்.

வேறு என்ன அடையாளம் போடலாம் என்று எங்களைக் கேட்டார். ஒருத்தி பூ என்றாள். ஒருத்தி நாமம் என்றாள், உடனே விபூதிப் பட்டை போடுகிற வீட்டுப் பிள்ளைக்கும் அவளுக்கும் சண்டை. நான்தான் சொன்னேன், இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: "எங்க ஆட்டுக்குப் போடுற அடையாளத்தப் போடுங்க சிஸ்டர்!" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம் உண்டு. மந்தையில் கலந்துவிடாமல் இருக்க ஆட்டு முதுகில் காவிக்கல்லைக் குழைத்துப் போடுவோம். எங்கள் வீட்டுக்கு மூன்று கோடு. பெரியப்பா வீட்டுக்கு வட்டம். வேறு சில வீடுகளுக்குப் புள்ளி, கொக்கி, பிறை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தூரத்திலிருந்தே தெரியும். சிஸ்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இத முதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றார்.

பத்து நாளில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது துணியும் தைத்து முடித்தோம். அது எங்கள் முதல் தையல், கோடெல்லாம் கோணல். பங்குனி பிறப்பதற்குள் முப்பத்தெட்டு வீட்டில் துணி கட்டியாகிவிட்டது. பெரியப்பா வீடும், அவர் பேச்சைத் தட்டாத இன்னொரு வீடும் மட்டும் வேண்டாம் என்றார்கள். எங்கள் வீட்டில் அம்மா யாரையும் கேட்காமல் கட்டிவிட்டாள். அப்பா குடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆட்டுக்கும் எனக்கும் ஒரே அடையாளமாடி?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் செம்பை எடுத்து மொண்டு குடித்தார். அண்ணன் சொல்லை அவர் மீறியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ஊர் அடங்கியது, மடம் அடங்கவில்லை. ஒரு சிஸ்டர் ஊர் முன்னால் சிலுவையைப் பிளேடால் அறுத்தாள் என்று செய்தி திண்டுக்கல் போய்ச் சேர்ந்திருந்தது. உடனே வரச் சொல்லி மதரிடமிருந்து ஆள் வந்தது. பெட்டியோடு வரச் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் திரும்பி வர மாட்டார் என்று அர்த்தம். சிஸ்டர் நூல்கண்டுகளை எண்ணி என்னிடம் கொடுத்தார். நான் வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் அழுதேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டினாள்.

"வா புள்ள, போயிட்டு வருவோம்" என்றாள்.

திண்டுக்கல்லை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். ஊருக்குள் பஸ் நுழையும்போது தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம், அதைத் தாண்டினால் பிரியாணி வாசனை, இரண்டுக்கும் மேலே மொட்டைப் பாறையாக மலைக்கோட்டை. மடத்தின் வராந்தா அவ்வளவு வழவழப்பாக இருந்தது. அம்மாவின் பதியாத குதிகால் அதில் வழுக்கியது. மதர் வயதானவர், கண்ணாடி போட்டவர். அவர் முன்னால் சிஸ்டர் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

எங்கள் வீட்டில் அம்மா நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"நாங்க படிக்காதவுக, தப்பாப் பேசுனா மன்னிச்சுக்கங்கம்மா. எங்க ஊருல இருக்க அம்புட்டுக் கால்லயும் புண்ணு. பெத்த தாயே மூக்கப் பொத்திக்கிற புண்ணு. இந்தப் புள்ள மண்டி போட்டுக் கழுவுது. எங்க சாமி பேரச் சொல்லி யாரும் இதச் செய்யல. உங்க சாமி பேரச் சொல்லி இதுதான் செஞ்சுச்சு. துணியில சிலுவை இருந்தா நாங்க கட்டிருக்க மாட்டோம். அத இந்தப் புள்ள பிரிச்சது எங்க காலுக்காக. இதுக்குப் போயித் தண்டிக்காதீகம்மா."

மதர் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வருஷத் தவணை கொடுத்தார். அடுத்த வைகாசியில் தானே ஊருக்கு வந்து எல்லார் காலையும் பார்ப்பதாகவும், துணியால் பலன் இருந்தால் சிஸ்டர் அங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் சிஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். அப்படி ஒரு கனத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு சுமந்ததில்லை.

அந்த வருஷம் முழுக்க எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கிணற்றடியில் முறை வைத்து நின்றோம். காலில் குச்சி கட்டியவர் வந்தால் மேல்படியிலேயே நிறுத்தி, நாங்கள் இறங்கி மொண்டு கொடுப்போம். சில பெரியவர்கள் திட்டினார்கள். "ஏ புள்ள, எங்க கெணத்துல எறங்க ஒங்கிட்ட கேக்கணுமா?" என்பார்கள். நாங்கள் கையை விரித்துக் குறுக்கே நிற்போம். அடுத்த தையிலும் மாசியிலும் நாலைந்து பேருக்குப் புழு வந்தது. அது துணி கட்டுவதற்கு முன்னால் குடித்த தண்ணீர், ஒரு வருஷம் கழித்து இப்போது வருகிறது என்று சிஸ்டர் விளக்கினார். பங்குனிக்குப் பிறகுதான் உண்மை தெரியும் என்றார். பங்குனி போனது. சித்திரையில் புழு வந்தது மூன்றே காலில். மூன்றும் துணி கட்டாத அந்த இரண்டு வீட்டில்.

வைகாசியில் மதர் வந்தார். சாவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். ஊர் வரிசையாக நின்றது. சிஸ்டர் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டி போட்டு, முட்டி முதல் பாதம் வரை பார்த்து, "ஒண்ணுமில்ல" என்று சொல்வார், மதர் எழுதுவார். அம்மாவின் கால், ஒண்ணுமில்ல. அப்பாவின் கால், ஒண்ணுமில்ல. "துணி கட்டுன வீட்டுல ஒரு கால்கூட இல்ல" என்று யாரோ சொன்னார்கள். பின்னால் பெரியப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

மூன்று நாளாக என் வலது கணுக்காலில் கொப்புளம். பாவாடையைத் தாழ்த்திக் கட்டி மறைத்து வைத்திருந்தேன். வரிசையிலிருந்து நழுவி ஓடிவிடலாம். ஓடினால் சிஸ்டர் இங்கேயே இருப்பார். காட்டினால் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். இப்படித்தான் என் புத்தி போனது. ஆனால் நின்றிருந்த இடம் சிஸ்டருக்கு முன்னால். அவர் பாவாடையை மெல்ல உயர்த்தினார். அவர் கை அப்படியே நின்றது. "ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் நிமிர்ந்து மதரைப் பார்த்து, "ஒண்ணு இருக்கு" என்றார்.

பெரியப்பா சிரித்தார். "பாத்தியாடா தம்பி, ஒன் வீட்டுலயே வந்துருச்சு. மூணு கோடு போட்ட துணியும் புழுவத் தடுக்கல பாரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்: "துணி மேல தப்பில்ல! நாந்தான் கையில அள்ளிக் குடிச்சேன். போன வைகாசியில, கெணத்துல மொண்டு குடுக்க நின்னப்ப. தாகம் தாங்கல. யாரும் பாக்கலைன்னு நாலஞ்சு வாட்டி குடிச்சேன். வீட்டுல துணித் தண்ணி குடிச்ச யாருக்கும் வரல, எனக்குத்தான் வந்துச்சு!"

மற்றவர்களைக் குறுக்கே நின்று தடுத்தவள் நான். எனக்கு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். பதினோரு வயதுப் பிள்ளையை.

"இம்புட்டுப் பேரு முன்னால உண்மையச் சொன்னது யாரு மக? எம் மக!" என்றார். பெரியப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டு, எந்தப் படியில் நின்று குடித்தேன், எத்தனை நாள் என்று விவரமாகக் கேட்டு நோட்டில் எழுதினார். பிறகு சிஸ்டரிடம், "இவளுக்கு முதல்ல கட்டுப் போடு. நீ எங்கயும் போக வேண்டாம்" என்றார். அன்றைக்கு மாலையே பெரியப்பா வீட்டு மருமகள் வந்து, வட்டம் போட்ட துணி இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். இருந்தது. அதைத் தைத்ததும் நான்தான்.

என் புழுவை வெளியே எடுக்கப் பதினைந்து நாள் ஆனது. தினமும் சிஸ்டர் சைக்கிளில் வந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, குச்சியை இரண்டு விரல்கடை சுற்றிவிட்டுப் போவார். வலியில் நான் அவர் தோளைக் கடித்த நாளும் உண்டு, அவர் குச்சியை விடவில்லை. அறுபடாமல் முழுசாக எடுத்தார். அடுத்த வைகாசியில் மதர் மறுபடி வந்தார், ஊர் மறுபடி வரிசையில் நின்றது, நாற்பது வீட்டிலும் ஒரு காலில்கூட ஒன்றுமில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. அதற்குப் பிறகு பார்க்க யாரும் வர வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் நரம்புச் சிலந்தி கடைசியாக வந்தது என் காலில்தான்.